மூன்று தரம் சொல்லாத ஏலம்



அரிய நாணயங்களின் ஏலம் இணையத்துக்கு இடம்பெயர்ந்த பின்னர் அதில் பங்கேற்போர் அடையும் ஏமாற்றமும் மனவருத்தமும் இவ்வுரையின் பொருள். விழா மேடையில் பேசத்தக்க பொருள்தானா இது என்று சிலர் எண்ணக்கூடும். பாட்டனார் காலத்து மரப்பெட்டியின் அடியில், துணி முடிப்பில், சில பழைய காசுகளேனும் காத்துவரும் குடும்பங்கள் இந்த அவையில் பல உண்டு. அக்காசு எந்நாட்டது, எவர் காலத்தது, என்ன பெறும் என்று அறிய விரும்பும் பேரப்பிள்ளை இன்று முதலில் கையில் எடுப்பது கைப்பேசியைத்தான். அதில் அவன் முதலில் காண்பது நாணயத்தின் வரலாற்றை அன்று, நாணயத்தின் ஏலத்தை. ஆதலால் இது வீட்டுக்குள் வந்துவிட்ட செய்தி, பேசாமல் விடத்தக்கதன்று.

பொதட்டூர்பேட்டை வட்டாரத்தார்க்குப் பழைய நாணயம் தொலைவிலுள்ள பொருளும் அன்று. சித்தூர் மாவட்டத்தோடு இருந்த திருத்தணிப் பகுதி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அன்று எல்லைக்கோடு இடம் மாறியதே தவிர, அக்கோட்டின் இருபுறமும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய காசுகள் ஒன்றாகவே இருந்தன. சந்திரகிரியோடு தொடர்புடைய வேங்கடபதி ராயரின் பொன் நாணயத்தில் திருவாசியின்கீழ் நிற்கும் வேங்கடேசரின் உருவம் உண்டு. பின்னர்ச் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார், இரு தேவியரோடு திருமால் நிற்கும் ‘மூன்று சுவாமி வராக’னையும், பின்புறத்தில் விண்மீன் பொறித்த ‘நட்சத்திர வராக’னையும் அடித்து வழங்கினர். 1 வராகனுக்கு 42 பணம். 1 பணத்துக்கு 80 காசு. ஆகவே ஒரு வராகன் 3,360 காசு என்பது அக்காலத்துச் சென்னைக் கணக்கு. 1818-இல் வெள்ளி ரூபாய் சென்னை மாகாணத்தின் தலைமை நாணயமானபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுத்தனர். அந்த வராகனும் பணமும் இன்று ஏல நிறுவனங்களின் பட்டியலில் எண்ணிட்டுக் கிடக்கின்றன.

ஏலமும் இம்மக்களுக்குப் புதிதன்று. ஏரி மீனும், சாலையோரப் புளியமரமும், வாரச்சந்தைக் குத்தகையும் ஏலத்தில் போவதைக் கண்டு வளர்ந்தவர்கள் இவ்வவையோர். ஏலம் என்னும் சொல் போர்த்துகீசியர் வழியாகத் தமிழில் புகுந்தது என்பர் அகராதியாளர். சொல் வெளியிலிருந்து வந்திருப்பினும் முறை ஊரோடு ஒன்றிவிட்டது. ஏலம் விடுபவர் “ஒரு தரம், இரண்டு தரம்” என்று சொல்லி, சற்று நிறுத்தி, கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, அதன் பின்னரே “மூன்று தரம்” என்பார்.

அந்த மூன்று சொற்களுக்கும் மூன்று பயன்கள் உண்டு. கேட்க விரும்புவோர்க்கு எண்ணிப்பார்க்கச் சிறிது காலம் கிடைக்கிறது. எதிரே நின்று கேட்பவர் இன்னார் என்று எல்லார்க்கும் தெரிகிறது. முடிந்தபின் ‘எனக்குத் தெரியாமல் முடித்துவிட்டார்கள்’ என்று ஒருவரும் சொல்ல இயலாதபடி ஊரே சாட்சியாகிறது. காலம், முகம், சாட்சி ஆகிய இம்மூன்றையும் நீக்கிவிட்டு விலையை மட்டும் வைத்துக்கொண்டால் எஞ்சுவது எதுவோ அதுவே இணைய ஏலம் என்று அதனால் நொந்தவர் கூறுகின்றனர். இக்கூற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வருத்தத்தின் மிகை என்று ஆராய்தல் வேண்டும்.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுவது நேர்மை. ஒரு தலைமுறைக்கு முன் நாணய ஏலம் என்பது மும்பையிலோ பெங்களூரிலோ அகமதாபாத்திலோ, கடல்கடந்து லண்டனிலோ சூரிக்கிலோ, ஒரு மண்டபத்தில் சிலர் கூடி நடத்திய நிகழ்ச்சி. அச்சிட்ட பட்டியலை அஞ்சலில் வரவழைக்கும் வசதியும், நேரில் சென்று தங்கும் வசதியும் உடையவர்க்கே அதில் இடம். இன்றோ பகலெல்லாம் தறியில் உழைத்த ஒரு நெசவாளி இரவில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, உலகின் எந்த மூலையில் விலைக்கு வரும் தமிழகக் காசையும் பெரிதாக்கிப் பார்க்கிறார். ஒரு காசு முன்பு எங்கே என்ன விலைக்குப் போயிற்று என்பதையும் தேடி அறிகிறார். திருமலையில் காணிக்கையாகும் தலைமுடியும் இன்று மின்னணு ஏலத்தில் விற்கப்படும் காலம் இது. வாயிற்கதவு எல்லார்க்கும் திறந்தது என்பது மெய். உள்ளே சென்றவர் என்ன காண்கிறார் என்பதே கேள்வி.

முதற்குறை, காலதாமதம். மண்டபத்தில் நடக்கும் ஏலத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டும்போது காட்சியும் ஒலியும் சில நொடிகள் பிந்தியே வந்து சேரும். பள்ளிப்பட்டு வட்டத்துச் சிற்றூரில் ஓர் ஆசிரியர் கைப்பேசியோடு காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். திரையில் விலை 14,000 என்று நிற்கிறது. அவர் 15,000-க்கான பொத்தானை அழுத்துகிறார். அவர் கண்ட காட்சி சில நொடிகளுக்கு முந்தியது. மும்பையில் சுத்தியல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. மண்டபத்தில் இருப்பவர் கையை உயர்த்தினால் ஏலம் விடுபவரின் கண் அவர்மேல் விழும். திரைக்கு அப்பால் உயர்ந்த கைக்குக் கண் இல்லை. இணைப்பு அறுந்தாலும் கேள்வி வந்து சேராவிடினும் தமக்குப் பொறுப்பில்லை என்ற விதியை ஏல நிறுவனங்கள் நிபந்தனைகளில் எழுதிவைப்பது வழக்கம். மின்தடை ஏற்படும் இரவில் அவ்விதியின் பொருள் முழுமையாக விளங்கும்.

இதற்கு மாறான இடரும் உண்டு. ஒருவர் 15,000 என்று காட்டும் பொத்தானை அழுத்த விரலைக் கொண்டு செல்லும் அதே நொடியில் இன்னொருவரின் கேள்வி வந்துவிட, பொத்தானில் தொகை 16,000 என்று மாறிவிடுகிறது. விரல் அழுத்தியது பழைய எண்ணம். பதிவானது புதிய தொகை. சுத்தியல் விழும் முன் தம் கேள்வியைத் திரும்பப் பெறும் உரிமை சட்டத்தில் இருப்பினும், அதைச் சொல்ல ஒரு குரல் திரையில் இல்லை.

இரண்டாங்குறை, கடைசி நொடிப் பாய்ச்சல். மண்டபம் இன்றிக் கடிகாரத்தை மட்டும் வைத்து நடக்கும் ஏலங்களில், ஏழு நாள் அசையாதிருந்த விலை ஏழாம் நாளின் இறுதி நொடிகளில் எகிறிவிடும். ஏழு நாளும் முன்னணியில் இருந்தவர் கண்மூடித் திறப்பதற்குள் தோற்றுப்போவார். இது வஞ்சகம் என்று பலர் குமுறுகின்றனர். பொருளியலறிஞர் ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஆக்கன்ஃபெல்சும் இதனை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். குறித்த நொடியில் முடிந்துவிடும் ஈபே ஏலங்களையும், இறுதியில் கேள்வி வந்தால் பத்து நிமிடம் தானே நீளும் வகையில் அன்று நடந்த அமேசான் ஏலங்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். முன்னதில்தான் கடைசி நொடிக் கேள்விகள் மிகுதி. அதிலும், கணினிகளைவிடப் பழம்பொருள்களில் அப்பழக்கம் மிகுதி. காரணம் எளிது. பழம்பொருளின் மதிப்பை அறிந்தவர் முன்கூட்டியே கேட்டால், அவர் கேட்டதையே சான்றாகக் கொண்டு அறியாதவரும் விலையை ஏற்றுவர். ஆகவே அறிந்தவர் இறுதிவரை வாய் திறப்பதில்லை. குற்றம் மனிதரிடம் மட்டுமின்றி விதியிலும் இருக்கிறது. இறுதியில் கேள்வி வந்தால் காலத்தை நீட்டிக்கும் ஏலம், ‘இரண்டு தரம்’ சொல்லிச் சுற்றிப் பார்க்கும் பழைய முறையை மீண்டும் கொண்டுவருகிறது. பங்கேற்குமுன் இது எவ்வகை ஏலம் என்று பார்த்தல் கடமை.

மூன்றாங்குறை, உச்சத்தொகை பற்றிய ஐயம். ஒருவர் தாம் கொடுக்கக்கூடிய மிகுந்த தொகையை முன்னரே பதிந்துவைத்தால், இயந்திரமே அவர் சார்பில் படிப்படியாகக் கேட்கும். அவர் 12,000 என்று பதிந்திருக்க, அடுத்தவரின் உச்சம் 9,500 ஆயின், படி 500 எனும்போது பொருள் 10,000-க்கு அவர்க்குக் கிடைக்கும். அடுத்தவரின் உச்சம் 11,500 ஆயின் 12,000 முழுவதையும் கொடுத்தாக வேண்டும். இரண்டாமவர் விரும்பிய விலையை ஒட்டியே வெற்றி பெற்றவர் செலுத்தும் இம்முறையை ஒத்த ஏலத்தின் நியாயத்தை வில்லியம் விக்ரி 1961-இல் கணித முறையில் விளக்கினார். 1996-இல் நோபல் பரிசும் பெற்றார். அவரது முடிவு, தன் மனத்திலுள்ள உண்மையான மதிப்பையே கூறுவது அவ்வேலத்தில் ஒருவர்க்கு நன்மை தரும் என்பது.

கோட்பாடு நன்று. ஆயினும் அது நிற்பது ஒரு நம்பிக்கையின்மேல்: பதிந்த உச்சத்தொகையை வேறெவரும் பார்க்கலாகாது, எதிரே கேட்டவர் மெய்யான ஒருவராக இருத்தல் வேண்டும். ஒருவர் தம் உச்சத்தொகையின் கடைசி ரூபாய் வரை கொடுத்துத் திரும்பத் திரும்ப வெல்லும்போது அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. எதிரே கேட்டவர் யார் என்று கேட்டால் கிடைப்பது ஓர் எண் மட்டுமே. புளியமர ஏலத்தில் உரியவனே தன் ஆளை நிறுத்தி விலையேற்றினால் ஊர் அவனைக் கண்டுகொள்ளும். எண்ணுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை.

நான்காங்குறை, கூடிக்கொண்டே போகும் கட்டணங்கள். சுத்தியல் விழுந்த விலை வேறு. கையிலிருந்து போகும் தொகை வேறு. கணக்குக்காக மட்டும் சில விகிதங்களை எடுத்துக்கொள்வோம். சுத்தியல் விலை 20,000 ரூபாய். வாங்குவோர் கட்டணம் நூற்றுக்கு 20 என்றால் 4,000. இவ்விரண்டும் சேர்ந்த 24,000-க்கு வரி நூற்றுக்கு 5 என்றால் 1,200. ஏலத்தைக் காட்டிய இணையதளத்துக்குச் சுத்தியல் விலையில் நூற்றுக்கு 3 என்றால் 600. அஞ்சலும் காப்பீடும் 500. ஆக 26,300. இருபதாயிரத்துக்கு எடுத்ததாக மகிழ்ந்தவர் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகச் செலுத்துகிறார். இவ்விகிதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அவை நிபந்தனைகளில் எழுதியே இருக்கும். ஏலத்தின் வேகத்தில் அவற்றை மனத்தில் கூட்டிப்பார்ப்பவர் அரியர் என்பதே இடர்.

ஐந்தாங்குறை எல்லாவற்றினும் பெரிது: காசைக் கையில் எடுத்துப் பார்க்க இயலாமை. நாணயம் கண்ணுக்கு மட்டும் உரிய பொருளன்று. அதற்கு எடை உண்டு, ஓசை உண்டு, விளிம்பு உண்டு, உலோகத்தின் குளிர்ச்சி உண்டு. படம் இவற்றில் எதையும் தராது. ஒளியைச் சற்றே சாய்த்தால் கீறலையும் மறைத்துவிடும். இதற்கு 1939-ஆம் ஆண்டு பொறித்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் தக்க சான்று. மிக அரிதாகக் கிடைப்பதால் அதன் விலை உயர்ந்தது. விலை உயர்ந்ததால் போலிகளும் பெருகின. நல்ல நாணயத்தின் எடை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. நூலில் கட்டி நீரில் மூழ்கவைத்து நிறுத்தால் ஏறத்தாழ 1.13 கிராம் எடை குறைதல் வேண்டும். அதாவது அதன் ஒப்படர்த்தி 10.3-ஐ ஒட்டி நிற்கும். வெள்ளி குறைந்து செம்பு மிகுந்தால் இவ்வெண் இறங்கிவிடும். நகைக்கடைத் தராசும் ஒரு கிண்ணம் நீரும் போதுமான இச்சோதனையைத் திரையின்முன் அமர்ந்து செய்ய வழியில்லை. வார்ப்பில் தோன்றும் சிறு குமிழையும், ஓர எண்ணைச் சுரண்டி மாற்றிய தடத்தையும் விரல் நுனியே முதலில் அறியும்.

அருமையைப் பற்றிய மயக்கமும் இதனோடு சேர்கிறது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாயில், அவர் அணிந்த மாலையிலிருந்த யானை உருவம் பன்றிபோல் தோன்றியதால் எதிர்ப்பு எழுந்தது. ஏறத்தாழ 94 லட்சம் அடிக்கப்பட்டு, 7 லட்சம் அளவே வெளிவந்த நிலையில் அது நிறுத்தப்பட்டது. 1912-இல் உருவம் திருத்தப்பட்டது. அதனால் அவ்வாண்டு நாணயத்துக்கு மதிப்பு. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயோ வயதில் மூத்தது. ஆயினும் அதே ஆண்டெண்ணோடு 1874 வரை அடிக்கப்பட்டதால் எங்கும் கிடைப்பது. பழமை வேறு, அருமை வேறு. இவ்வேறுபாடு அறியாத முதியவரிடம் ‘உங்கள் வீட்டுக் காசு பல லட்சம் பெறும்’ என்று சொல்லும் குரலே மோசடியின் முதற்குரல். விற்றுத்தருவதற்குப் பதிவுக்கட்டணம், வரி, கமிஷன் என்று முன்பணம் கேட்டு வாங்கி மறைவது அதன் முறை. இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் இவ்வாறு பயன்படுத்தியோர் மிகவே, அவ்வங்கி 2021 ஆகஸ்ட் 4-ஆம் நாள் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. பழைய நோட்டு, நாணய வாணிகத்தில் தாம் ஈடுபடுவதில்லை. எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. அதற்கென எந்த நிறுவனத்துக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்று அது தெளிவாகக் கூறியது. முன்பணம் கேட்கும் குரல் எவர் பெயரைச் சொன்னாலும் அது பொய்க்குரல் என்று வீட்டிலுள்ள முதியோர்க்குச் சொல்லிவைத்தல் இளையோர் கடன்.

ஆறாவது ஒன்று உண்டு. அதனை நிறுவனத்தின்மேல் சுமத்துவது நியாயமாகாது. அது கேட்பவரின் உள்ளத்தில் இருப்பது. ஒரு பொருளின் மதிப்பைப் பலர் தனித்தனியே கணித்துக் கேட்கும்போது, வெல்பவர் பெரும்பாலும் மிகையாகக் கணித்தவராகவே இருப்பார். இதனை ‘வென்றவன் சாபம்’ என்பர் பொருளியலார். எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் ஏன் நட்டமடைந்தன என்று ஆராய்ந்த மூவர் 1971-இல் இதனை எடுத்துக்காட்டினர். நள்ளிரவில், தனிமையில், ‘நீங்கள் முந்தப்பட்டீர்கள்’ என்ற சிவப்பெழுத்து மின்னும்போது அச்சாபம் விரைந்து வேலை செய்கிறது. மண்டபத்தில் அருகிலிருந்து “போதும், விட்டுவிடு” என்று தோளைத் தொடும் நண்பரும் அங்கே இல்லை.

இவ்வளவு குறைகளுக்கும் சட்டம் வாய் மூடியிருக்கிறதா என்றால், இல்லை. 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியதே. சுத்தியல் விழுவதாலோ வேறு வழக்கமான முறையாலோ ஏலம் முடிந்தது என்று அறிவித்த பின்னரே விற்பனை முற்றுப்பெறும். அதுவரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். விற்பவர் தாமே கேட்கும் உரிமையை வெளிப்படையாக அறிவித்திருந்தாலன்றி, அவரோ அவர் நிறுத்திய ஆளோ கேட்பது சட்டத்துக்கு மாறானது. அத்தகைய விற்பனையை வாங்கியவர் மோசடியாகக் கருதலாம். பொய்க்கேள்வியால் விலையேற்றினால் வாங்கியவர் விரும்பும்பட்சத்தில் அவ்விற்பனையைச் செல்லாததாக்கலாம். வானொலியே புதுமையாக இருந்த காலத்தில் எழுதிய இச்சொற்கள், இணையத்தில் எண்ணாக மறைந்து நிற்பவனையும் பிணிக்க வல்லவை. மெய்ப்பித்தலே அரிது. ஏலத்தின் பதிவேடு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கேட்டவர் கையிலோ ஒரு திரைப்படம்கூட இருப்பதில்லை.

ஆதலின் முறையீடு செய்ய விரும்புவோர் ஒவ்வொரு நிலையிலும் திரையைப் படமாகச் சேமித்தல் வேண்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முறையீட்டைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணுதல் வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணமோசடி நேர்ந்துவிட்டால் காலந்தாழ்த்தாது அழைக்க வேண்டிய எண் 1930. முதல் சில மணி நேரத்தில் தெரிவித்தால் பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வெட்கம் கருதி மறைப்பவரே முழுவதையும் இழக்கின்றனர்.

இதுவரை கூறியது வாங்குவோரின் இழப்பு. ஊரின் இழப்பு ஒன்று உண்டு. அது இதனினும் பெரிது. 1898-இல் புதுக்கோட்டைச் சமத்தானத்தில் 501 உரோமானியப் பொன் நாணயங்கள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மன்னரின் முகத்தின்மேல் உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. மொத்தமாகப் பார்த்ததால்தான் அறிஞர்கள் அத்தழும்பு தற்செயலன்று, அந்நாணயம் மீண்டும் நாணயமாகப் புழங்காதபடி இங்கே வேண்டுமென்றே செய்தது என்று ஊகித்தனர். அப்புதையல் இன்று கிடைத்து, ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஐந்நூறு கைகளுக்கு விற்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு பட்டியலிலும் ‘சேதமுற்றது’ என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்திருக்கும். காசு எங்கே கிடைத்தது, எதனோடு கிடைத்தது என்னும் செய்தியை இழந்த நாணயம், ஊர்ப்பெயரை மறந்த சாட்சியைப் போன்றது.

தனியார் சேகரிப்பாளர் அனைவரும் தீங்கு செய்பவர் என்று சொல்வதும் தவறு. ‘தினமலர்’ ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி சேகரிப்பாளராக இருந்தே சங்ககால நாணயவியலுக்கு வழி திறந்தவர். ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த பாண்டியர் காசை அவர் வெளிப்படுத்தியபோது, இலக்கியத்தில் மட்டும் கேட்ட பெயர் செம்பில் எழுந்து நின்றது. அவர் காசை வாங்கினார், படித்தார், எழுதி உலகுக்கு அளித்தார். இன்று அத்தகைய காசு இணையத்தில் வந்தால், படிக்க விரும்பும் ஆசிரியரும் மாணவரும் முதற்படியிலேயே விலகவேண்டிய நிலை நேர்கிறது. பெட்டகத்தில் பூட்டிவைக்கும் பணமே பெரும்பாலும் வெல்கிறது. நாணய ஆர்வலரின் நெஞ்சில் நிற்கும் வருத்தம் தோல்வியன்று. தோற்றபின் அக்காசை மறுபடி ஒருபோதும் காண இயலாமையே.

நிலத்தில் கிடைத்த காசுக்கும் நெறி உண்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும். அறிவித்தால் பறித்துக்கொள்வர் என்னும் அச்சம் பரவியிருக்கிறது. அரசு அப்பொருளை எடுத்துக்கொள்ளும்போது உலோக மதிப்போடு அதன் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரவேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. இணையதளத்துக்கு எல்லை இல்லை, நாணயத்துக்கு உண்டு.

எல்லை கடந்தவை பின்னர்ப் பட்டபாடு பல. ஜஹாங்கீர் காலத்து, ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ள பொன் மொகர் 1987-இல் ஜெனீவாவில் ஏலத்துக்கு வந்தபோது இந்திய அரசின் விசாரணை தொடங்கியது. சீசர் கொலையை நினைவுகூர்ந்து புரூட்டஸ் வெளியிட்ட பொன் நாணயம் ஒன்று 2020-இல் லண்டனில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போயிற்று. அது வந்த வழி பற்றிக் கூறியது பொய் என்று பின்னர் வெளிப்பட, 2023-இல் அந்நாணயம் கிரேக்க நாட்டுக்குத் திருப்பியளிக்கப்பட்டது. உலகமே பார்த்த ஏலத்திலும் ‘இது எவர் கையிலிருந்து வந்தது’ என்ற எளிய கேள்விக்குப் பொய்விடை நின்றது. மின்னும் படத்தைவிட அவ்விடையே முதன்மையானது.

இவ்விடத்தில் இல்லறத்தார்க்குரிய கள்ளாமை நோன்பு நினைவுக்கு வருதல் இயல்பு. தத்துவார்த்த சூத்திரம் அந்நோன்புக்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்கிறது: களவுக்குத் துணைபோதல், களவுப்பொருளைக் கொள்ளுதல், அரசின் நெறியைக் கடந்து வாணிகம் செய்தல், நிறையிலும் அளவிலும் பொய்த்தல், போலியை மெய்யென வழங்குதல். நாணய ஏலத்தின் இடர்களை ஒருவர் இன்று புதிதாகப் பட்டியலிட்டாலும் இவ்வைந்தையே எழுதுவார். இவற்றுள் இரண்டாவது வாங்குவோரை நோக்கியது. விற்றவன் திருடியிருந்தால் தனக்கென்ன என்று கூறி அந்நெறியில் தப்ப வழியில்லை. அவ்வாறே பொருள் வரைதல் என்னும் நோன்பும் ஒரு தொகையை ஆசை எழுமுன்னரே வரையறுக்கச் சொல்கிறது. உச்சத்தொகையை முன்னரே தாளில் எழுதிவைத்து, இரவில் அதனைத் தாண்டாதவர் ஏலத்தில் தோற்கலாம், தம்மிடம் தோற்பதில்லை.

பெருமக்களே, இணைய ஏலம் இனி மறையப்போவதில்லை. அதனைத் துறந்துவிடுக என்று கூறுவதிலும் பயனில்லை. அதனால் செய்யத்தக்கன சிலவற்றைச் சொல்லி இவ்வுரை நிறைவு பெறுகிறது.

ஏலத்தில் பங்கேற்குமுன் நிபந்தனைகளை முழுதும் படித்து, எல்லாக் கட்டணமும் சேர்ந்த தொகையை எழுதிக்கொள்க. முதல் ஏலத்தில் ஒன்றும் கேளாது பார்த்துமட்டும் பழகுக. எடை, விட்டம், விளிம்புப் படம், முன்னர் இருந்த கை ஆகிய நான்கையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுக. விடையளிக்காதவரிடம் வாங்காது விடுக. போலி என்று தெரிந்தால் திரும்பப் பெறுவரா, எத்தனை நாளுக்குள் என்பதைப் பணம் செலுத்துமுன் அறிக. அரிதென்று கூறும் காசை வாங்குமுன் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்து நாணயக்கூடத்தில் அதன் இனத்தைச் சேர்ந்த மெய்யான காசை ஒருமுறையேனும் கண்ணால் காண்க.

வீட்டில் உள்ள காசுகளுக்கு விலையைத் தேடுமுன் ஒரு குறிப்பேடு தொடங்குக. ஒவ்வொன்றின் எடையையும் இரு பக்கப் படத்தையும், அதனை வைத்துச் சென்றவர் யார், எவ்வூரில் வாழ்ந்தார், எவ்வாறு கிடைத்ததாகச் சொன்னார் என்பதையும் முதியோர் இருக்கும்போதே கேட்டெழுதுக. காசைப் பளபளப்பாக்கும் பொருட்டுப் புளியோ பொடியோ இட்டுத் தேய்த்தல் கூடாது. நூற்றாண்டின் படலம் போய்விட்டால் மீளாது. விற்கும் தேவை வந்தாலும் அக்குறிப்பு காசோடு செல்லும். விற்காவிடில் குடும்பத்தோடு நிற்கும்.

ஏலத்தில் “மூன்று தரம்” சொல்ல ஆளில்லாத காலம் இது. அம்மூன்று தரத்தையும் வாங்குபவரே தமக்குத் தாம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு தரம், இது மெய்யான காசா? இரண்டு தரம், இது நேரிய வழியில் வந்ததா? மூன்று தரம், இவ்விலை இதற்குத் தகுமா, தமக்குத் தாங்குமா? மூன்றுக்கும் தெளிந்த விடை கிடைத்தபின் விரல் திரையைத் தொடட்டும்.